படிவத்தில் இருக்கும் அந்தப் பெயர்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

பேறுகால விடுப்பு முடிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே நீ தொலைபேசியில் அழுதாய் என்று அக்கா சொன்னாள். "ஊரார் பிள்ளைகளுக்கு நான் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறேன், என் பிள்ளை வீட்டில் பசித்து அழுகிறது, நான் என்ன தாய்?" என்று கேட்டாயாம். அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும் எண்) பதிந்து, 18,000 ரூபாய் உதவிக்கு நீ நாள்தோறும் பரிந்துரைக்கும் திட்டத்துக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எழுதி எழுதிப் பழகிப்போன அந்தப் பெயருக்குரியவரும் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்தான்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த எதிர்ப்பை மீறி, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடம் கொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்த பிறகே சம்மதித்தார். அந்த வாக்கைக் காப்பாற்றிய கணவரையும் நாம் நினைக்க வேண்டும்.

1925-இல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற அவர் லண்டன் சென்ற காலத்தில், இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி ஐந்தாறு வயதுச் சிறுவன். திரும்பி வந்ததும் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவப் பணிக்கு இடையூறாகுமே என்று முதலில் தயங்கியவர், பிறகு பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகவும் அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் அங்கே எழுந்து பேசியபோது, பேசியது தம் தாய் பிறந்த குலத்துப் பெண்களைப் பற்றி என்பதை எண்ணிப் பார். மறைத்துவைத்தால் வசதியாக இருந்திருக்கக்கூடிய ஒன்றை அவர் நாடறிய எடுத்துப் பேசினார். அந்த வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் அவர் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த மூன்று இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதும் அந்தக் காலத்தில்தான். நகரத்து விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டன. தீர்மானம் கொண்டுவந்ததோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அந்தப் பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். தம் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் அவர்களுக்கும் இடம் கொடுத்த அந்தச் செயலிலிருந்துதான் ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் பிறந்தது. அவர் வாழ்க்கையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் இடம் இதுதான், மகளே.

இன்னொரு துயரத்தையும் சொல்ல வேண்டும். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியாத வேதனையை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார். நிதி திரட்டினார், கேட்காதவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அவருக்கு 67 வயது. அதைக் கட்டி வளர்த்தவர் யார் தெரியுமா? தாய் லண்டனுக்குச் சென்ற நாளில் ஐந்தாறு வயதுச் சிறுவனாக இருந்த அதே கிருஷ்ணமூர்த்திதான். அடுத்த ஆண்டு புற்றுநோய் மருத்துவர் டாக்டர் சாந்தா அவருடன் சேர்ந்தார். தாயின் வேலை தன்னைத் தாயிடமிருந்து பிரித்தது என்று அந்த மகன் எண்ணியிருந்தால், தம் வாழ்நாள் முழுவதையும் அந்த வேலைக்கே கொடுத்திருப்பாரா? 1968-இல் தாய் மறைந்த பிறகும் அவர் அங்கேயே இருந்தார்.

உன் பிள்ளையின் பசி உண்மையானது, உன் கண்ணீரும் உண்மையானது. அவற்றைச் சிறிதென்று நான் சொல்லவில்லை. தாய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டு வேலைக்குப் போகும் முறையை உன்னிடம் வரும் தாய்மார்களுக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறாய். அதை ஒரு தாளில் எழுதி அக்காவிடமும் கொடுத்துவிட்டுப் போ. அடுத்த மாதம் சென்னைக்கு வரும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா. அவ்வை இல்லத்தை உங்கள் இருவருக்கும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் சித்தி