கப்பலில் இருப்பவர் எப்படி ஓடிபி சொல்வார்?

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்று கேட்டுப் போன கடற்படை மாலுமி ஒருவரின் மனைவியை, "உங்க வீட்டுக்காரர் போனுக்கு ஓடிபி போயிருக்கு, கேட்டுட்டு வாங்க" என்று ஓர் இ-சேவை மையத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளமே உள்ள மாவட்டத்தில் இதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எங்கள் வருத்தம்.

மாலுமியின் ஆதாரில் உள்ள எண்ணுக்குப் போகும் ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். கப்பல் கரையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே சிக்னல் போய்விடும். கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கே 2019 டிசம்பரில் கடற்படை தடை விதித்தது. கணவரின் ஆதாரில் மனைவியின் எண்ணைச் சேர்க்கலாமே என்றால், அந்த மாற்றத்தைக் கணவரேதான் செய்தாக வேண்டும். "எப்போ வருவார்?" என்ற கேள்விக்கும் வீட்டில் பதில் இருக்காது. கப்பலின் போக்குவரத்து வெளியே சொல்லக்கூடாத விஷயம். பதில் சொல்லவில்லை என்பதற்காக மனுவை ஒதுக்கி வைப்பது எந்த ஊர் நியாயம்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பணியில் உள்ள வீரரின் குடும்பத்துக்கு ஓடிபிக்கு மாற்று வழி கொடுங்கள். மனைவியிடம் சார்ந்தோர் அடையாள அட்டை இருக்கிறது. யூனிட் தரும் பணிச் சான்றும் சம்பளச் சீட்டும் இருக்கின்றன. எப்படியும் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்த பிறகுதானே மனு வருவாய் ஆய்வாளருக்குப் போகிறது? ஆள் யார் என்பது அங்கேயே உறுதியாகிவிடுமே.

பத்திரப்பதிவு வேலை என்றால், மாலுமியின் சார்பில் மனைவி கையெழுத்திட பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நோட்டரி முன் எழுதியது அதற்கு உதவாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, பவர் கொடுப்பவர் குடியிருக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன் அதை எழுதி உறுதிசெய்ய வேண்டும். அதற்கும் அவர் விடுப்பு எடுத்தாக வேண்டும். கடற்படைத் தளம் உள்ள விசாகப்பட்டினத்திலிருந்தோ கார்வாரிலிருந்தோ ரயில் மாறி ஊர் வந்து சேர்பவர், பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நாளில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். நான்காண்டுப் பணிக்குச் சேர்ந்த அக்னிவீரர் என்றால் ஆண்டு விடுப்பே 30 நாள்தான். அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் இதே அலைச்சல். எல்லைக்காவல் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், காவல் காப்பவன் வீட்டு மனுவை ஒருமுறையாவது படித்துப் பார்க்கட்டும்.

கோபத்தில் எழுதியது கடுமையாகப் பட்டால் பொறுத்தருள வேண்டுகிறோம். ஓடிபிக்கு மாற்று வழி தரும் எழுத்துப்பூர்வமான உத்தரவை, தொண்டி முதல் சாயல்குடி வரை எல்லா இ-சேவை மையங்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் கல்லூரிச் சேர்க்கை முடியும் முன் அனுப்பிவைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடற்படை வீரர்களின் குடும்பத்தினர்,
இராமநாதபுரம் கடற்கரை ஊர்கள்