வலதுசாரி வாசகருக்கு நம்பகமான செய்தி எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "எல்லாப் பத்திரிகையும் ஒரே பக்கம் சாய்ந்து எழுதுகிறது, நம் பார்வையில் எழுதுகிற நம்பகமான செய்தி எதில் வருகிறது?" சமய மரபையும் குடும்ப அமைப்பையும் தொழில் சுதந்திரத்தையும் மதிக்கிற பலர் சேலத்தில் இப்படிக் கேட்பதைக் கேட்க முடிகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டவர்களில் பலர் கடைசியில் போய் நிற்பது ஒரு வாட்ஸ்அப் குழுவிலும், யூடியூப்பில் முக்கால் மணி நேரம் பேசுகிற ஒரே ஒருவரிடமும். அதைவிடச் சிரமம் குறைந்த, உறுதியான வழி உண்டு.

தமிழில் வலதுசாரிக் கருத்துக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, ஆங்கிலத்தில் 'ஸ்வராஜ்யா' வார இதழிலும் தமிழில் 'கல்கி'யிலும், தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கிற 'லைசென்ஸ்-பெர்மிட்' ஆட்சியை எதிர்த்து எழுதினார். 1970 பொங்கலன்று சோ 'துக்ளக்'கைத் தொடங்கினார். இவை எல்லாமே பெரும்பாலும் கருத்து. பஞ்சம் இருப்பது செய்தி சேகரிப்பில். நிருபரை அனுப்பி, ஆவணம் வாங்கி, இரு தரப்பையும் கேட்டு எழுதுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும். கருத்துக்கு ஒரு நாற்காலியும் ஒரு நல்ல பேனாவும் போதும். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கருத்தை நமக்குப் பிடித்த இடத்தில் படிக்கலாம். தகவலை மட்டும், அதைச் சேகரித்தவர் யார் என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

வலதுசாரி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல தரப்புகள் உண்டு. 'விஜயபாரதம்' தமிழிலும், 1947-ல் தொடங்கிய 'ஆர்கனைசர்' ஆங்கிலத்திலும் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த இதழ்கள். அந்த அமைப்பு என்ன நினைக்கிறது என்று அறிய அவைதாம் முதல் ஆதாரம். அதே அமைப்பைப் பற்றிய விமர்சனத்தை அங்கே தேடக் கூடாது. 'ஸ்வராஜ்யா' 2014-ல் இணையத்தில் மீண்டும் தொடங்கப்பட்டது. பொருளாதாரம், உள்கட்டமைப்பு பற்றி விரிவாக எழுதுகிறது. 'துக்ளக்'கின் இன்றைய ஆசிரியர் எஸ். குருமூர்த்தி 2018-ல் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவில் பகுதிநேர இயக்குநராக நியமிக்கப்பட்டவர். இது குற்றமன்று. வங்கி, நாணயக் கொள்கை பற்றி அவர் எழுதும்போது வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விவரம், அவ்வளவே. எந்த இதழ் வாங்கினாலும் முதலில் உரிமையாளர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களைத் தேட வேண்டும். அச்சு இதழில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும். இணையதளமானால் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மனிதர் பெயரும் முகவரியும் இல்லாத தளத்தை, அது எவ்வளவு இனிப்பாக எழுதினாலும், விட்டுவிடலாம்.

உரிமையாளர் யார் என்பது மட்டும் போதாது. அமெரிக்காவில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழும் 'ஃபாக்ஸ் நியூஸ்' தொலைக்காட்சியும் மர்டாக் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்று பரப்பியதற்காக, அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் ஃபாக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தக் கதையைத் தொகுப்பாளர்களே உள்ளுக்குள் நம்பவில்லை என்பது நீதிமன்றத்தில் தாக்கலான அவர்களுடைய குறுஞ்செய்திகளில் வெளிப்பட்டது. நேயர்கள் வேறு சானலுக்குப் போய்விடுவார்கள் என்ற பயமே அங்கே வேலை செய்தது. அதே குடும்பத்தின் ஜர்னலோ, தலையங்கப் பக்கம் நல்ல வலதுசாரியாக இருக்கும்போதே, தெரனோஸ் இரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் பொய்யை 2015-ல் தன் நிருபரைக் கொண்டு அம்பலப்படுத்தியது. அந்த நிறுவனத்தில் ரூபர்ட் மர்டாக் போட்டிருந்த முதலீடு சுமார் 12.5 கோடி டாலர். முதலாளிக்கு நஷ்டம் தரும் செய்தியையும் வெளியிடுகிற பத்திரிகை எது, நேயருக்குப் பிடிக்காததைச் சொல்லப் பயப்படுகிற சானல் எது என்று பிரிக்கும் உரைகல் இதுதான். தமிழ் இதழ்களையும் இப்படி உரசிப் பார்க்கலாம். கடந்த மூன்று மாத இதழ்களை எடுத்து, அவர்கள் ஆதரிக்கும் கட்சிக்கோ தலைவருக்கோ சங்கடமான ஒரு செய்தியாவது, கருத்தாக அல்லாமல் செய்தியாக, வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். திருத்தம் வெளியிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த இதழைக் கருத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரையே உதாரணமாக எடுப்போம். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் இராமர் படத்துக்கு என்ன நடந்தது என்பது இன்றும் சண்டையாக இருக்கிறது. அதை வெளியிட்ட 'துக்ளக்' இதழை அன்றைய தி.மு.க. அரசு பறிமுதல் செய்தது. 2020 ஜனவரியில் துக்ளக் பொன்விழாவில் நடிகர் ரஜினிகாந்த் இதைப் பேச, கண்டனம் கிளம்பியது. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்து, ஆதாரமாக 2017-ல் 'அவுட்லுக்' இதழில் வந்த கட்டுரையைக் காட்டினார். நம் தரப்பில் பலர் அந்தக் கட்டுரையைத்தான் படம் எடுத்துப் பரப்பினார்கள். நடந்து 46 ஆண்டு கழித்து எழுதப்பட்ட கட்டுரை 1971-க்குச் சாட்சி ஆகாது. சாட்சி எது? அந்த வாரத்து நாளேடுகள், பறிமுதலான துக்ளக் இதழ், திராவிடர் கழகத்தின் 'விடுதலை' ஏடு, இருந்தால் காவல்துறை ஆவணம். பழைய ஏடுகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. எதிர்த்தரப்பு ஏட்டையும் சேர்த்துப் படித்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற பகுதி எது, தகராறுள்ள பகுதி எது என்று தனித்தனியே தெரிந்துவிடும். நம் வாதம் நிற்க வேண்டியது முதல் பகுதியின் மேல்.

இன்றைய செய்திகளுக்கு இவ்வளவு அலைச்சல்கூடத் தேவையில்லை. மூல ஆவணம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கையை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8-ல் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-ல் அறிவிக்கை செல்லும் என்றது. 'சாலைக்கு உச்ச நீதிமன்றம் பச்சைக்கொடி' என்று நம் பக்கம் பகிர்ந்தார்கள், 'விவசாயிகளுக்குத் துரோகம்' என்று அந்தப் பக்கம். தீர்ப்பில் இருந்ததோ வேறு. அறிவிக்கை வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை, ஆனால் வேலை தொடங்கும் முன் கட்டாயம் வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் அவசரப்பட்டுச் செய்த பெயர் மாற்றம் செல்லாது. தீர்ப்பைத் திறந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் நூறாவது பக்கத்தில் களைத்துவிடுவோம். கடைசிச் சில பத்திகளுக்கு நேரே போக வேண்டும், உத்தரவு அங்கேதான் இருக்கும்.

சேலம் உருக்காலையைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற விவாதத்தில் தொழில் சுதந்திரம் பேசுகிற நாம் "நஷ்டத்தில் ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. உருக்காலையை நடத்தும் செயில், பங்குச் சந்தையில் உள்ள மத்திய அரசு எஃகு நிறுவனம். அதன் காலாண்டு முடிவுகள் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. பங்குச் சந்தைகளின் தளங்களில் வெளிவருகின்றன. அதில் 'பிரிவுவாரி' அட்டவணையில் சேலம் ஆலைக்கு என்றே தனி வரி உண்டு. ஒரு காலாண்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அங்கே உற்பத்தியாவது துருப்பிடிக்காத எஃகு. நிக்கல் விலை ஏறி இறங்கினால் கணக்கும் ஏறி இறங்கும். முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடும், முழு ஆண்டுக் கணக்கோடும் வைத்துப் பார்ப்பதே சரி.

கோயில் விஷயத்தில்தான் நம் தரப்பில் அதிகம் தவறு நடக்கிறது, அதுவே அதிகம் வருத்தமும் தருகிறது. "உண்டியல் பணம் முழுக்க அரசு கஜானாவுக்குப் போகிறது" என்ற செய்தி ஆண்டுக்கு நாலு முறை சுற்றுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், பிரிவு 92-ன்படி, வருமானத்தில் பெரிய கோயில்களிடமிருந்து 12 விழுக்காடு பங்களிப்பாகவும் 4 விழுக்காடு தணிக்கைக் கட்டணமாகவும் வாங்கப்படுகிறது. அந்த 16 விழுக்காடு நியாயமா, அதற்கு ஈடான சேவை கிடைக்கிறதா, தணிக்கை நிலுவை எவ்வளவு என்று கேட்டால் அது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. முழுப் பணமும் போகிறது என்றால், ஒரே வரியில் மறுத்துவிட்டு அரசுத் தரப்பார் நடையைக் கட்டலாம். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அரசு இணையதளத்தில் இருக்கிறது. அறநிலையத் துறையின் குறிப்பை ஆண்டுக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பாதி வதந்திகள் வாசலிலேயே நின்றுவிடும்.

நாளேட்டுச் செய்தியைப் படிக்கும்போது ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். பெயர், தேதி, இடம், ஆவண எண் மிஞ்சினால் அது செய்தி. தொலைக்காட்சியின் பெயரோடு படமாகப் பரவும் நியூஸ் கார்டு வந்தால், அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அதே கார்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். போலிக் கார்டில் எழுத்துரு மாறியிருக்கும், தேதி இருக்காது, அல்லது தலைவரின் பேச்சு ஒரே வரியில் முடிந்திருக்கும். அரை நிமிட வீடியோவுக்கு முழுப் பேச்சைக் கண்டுபிடித்து, அந்த வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேட்டால் போதும். சரிபார்ப்புத் தளங்கள் இடதுசாரி என்று நம்மவர்கள் ஒதுக்குகிறார்கள். அவர்கள் தீர்ப்பை ஏற்க வேண்டாம். கீழே கொடுத்திருக்கும் இணைப்பைத் திறந்து மூலத்தை நாமே பார்க்கலாமே. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) சரிபார்ப்புக்கும் மாநில அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கும் இதே விதி. இரண்டும் அரசின் குரல்.

இன்னொன்று, கருத்து வார இதழ்களுக்கு ஏற்காட்டில் நிருபர் கிடையாது. மலைப்பாதையில் மண் சரிந்ததா, சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் கூலித் தகராறா என்பதற்கெல்லாம் நாளேடுகளின் சேலம் பதிப்புதான் கதி, அவற்றின் அரசியல் நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

தவறான செய்தி வந்தால் குழுவில் திட்டுவதோடு விடக் கூடாது. முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால், நாளிதழ், வார இதழ் ஆனால் வெளியான இரண்டு மாதத்துக்குள்ளும், மற்ற இதழ்களுக்கு நான்கு மாதத்துக்குள்ளும் இந்திய பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். செய்தியின் நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, விஷயம் நீதிமன்றத்தில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். ஆசிரியருக்கு எழுதாமல் நேராக கவுன்சிலுக்கு அனுப்புகிற புகார்கள் அங்கேயே நின்றுபோகும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது. யூடியூப் பேச்சாளர் மேல் இந்த வழியே கிடையாது, அவரை நம்பும் முன் யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அரசாணை பற்றிய செய்தியின் அடியில் அரசாணை எண்ணும் தேதியும், வழக்குச் செய்தியின் அடியில் மனு எண்ணும் ஆண்டும் அச்சிடுங்கள். ஒரு வரி இடம் போதும். திருத்தங்களை நாள்தோறும் ஒரே பக்கத்தில், ஒரே மூலையில் போடுங்கள். நடுப்பக்கக் கட்டுரையாளர் எந்தக் கட்சியில், எந்த அமைப்பில் பொறுப்பு வகிக்கிறார் என்பதையும் பெயருக்குக் கீழே சேருங்கள். எங்கள் பார்வைக்கு ஒத்த கட்டுரையாளர் என்றாலும் அந்த வரி வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.