ஸ்பெயரில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

லண்டன் பஸ் கராஜில் இன்னும் உனக்கென்று ஒரு றூட் தரவில்லை, யாராவது லீவு போட்டால் அந்த இடத்துக்கு ஓடுகிற ஸ்பெயராகவே வைத்திருக்கிறார்கள் என்று மனம் நொந்து சொன்னாய். அதுக்காகத்தான் எழுதுகிறேன். புதுச் சாரதியை எந்த டிப்போவிலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் ராசா. உன்னை மட்டம் தட்டுகிறார்கள் என்று நினையாதே.

எங்கடை டிப்போவிலும் கொழும்பு ஓட்டம் பழைய ஆக்களுக்குத்தான். நல்ல வண்டியும் அவைக்கே போகும். புதுசாக வந்தவைக்கு அக்கராயன், முட்கொம்பன் மாதிரிக் கிராமத்து ஓட்டமும் கிளச் தேய்ந்த பழைய லேலண்ட் பஸ்ஸும். நான் வேலை பழகினது அந்த ஓட்டங்களில்தான். மாரியில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாயும்போது எந்த மதகடியில் ஓரம் அரித்துக் கிடக்கும், விடியப்புறம் ஒட்டுசுட்டான் காட்டில் எந்த வளைவில் யானை நிற்கும், எந்தச் சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கின கையோடு பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக் கடப்பார்கள், இதெல்லாம் ரைம் கீப்பர் தருகிற தாளில் இராது, பல றூட்டும் ஓடித்தான் பிடிபடும். தனியார் பஸ்காரன் முதலாளி தந்த ஒரே வண்டியை ஒரே றூட்டில் வருசக்கணக்காய் ஓட்டுவான். அதை விட்டு இறக்கினால் தடுமாறிப் போவான்.

வண்டி விசயத்தில்தான் எனக்குப் பயம். லைசென்ஸ் ஒன்றுதான், ஆனால் லேலண்டில் இருந்து டாட்டாவுக்கு மாறினாலே பிறேக் பிடிக்கிற இடம் வேறு. காலமை ஸ்டார்ட் பண்ணினால் பிறேக்குக்கான காற்று மீட்டர் முள் ஏறுமட்டும் வண்டியை அசைக்கமாட்டேன். உனக்கோ ஒரு நாள் இரட்டைத்தட்டு, மறுநாள் ஒற்றைத்தட்டு, பிறகு மின்சார பஸ். மின்சார பஸ் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்த உடனே பிறேக் போட்ட மாதிரி இழுத்துப் பிடிக்கும் என்றாய். நின்றுகொண்டு வருகிற வயசுபோனதுகளின் பாடு என்ன? லண்டனில் எந்த றூட்டுக்கு எந்த வகை பஸ் என்பது கொம்பனியோடு போடுகிற ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாமே. 108ஆம் றூட் ஆற்றுக்குக் கீழே இருக்கிற பிளாக்வோல் சுரங்கத்துக்குள்ளால் போகிறபடியால் அதில் ஒற்றைத்தட்டுத்தான். றோட்டு மறித்து வேறு பாதையால் அனுப்புகிற நாளில், தலைக்கு மேலே இன்னொரு தட்டு இருக்கிறதை மறந்து தாழ்ந்த பாலத்துக்குள் விட்டால் மேலே இருக்கிற சனம் என்னாகும்?

அதனால்தான் ஒவ்வொரு வகைக்கும் தனியாகப் பழக்கிப் பதிந்த பிறகு வண்டியைக் கையில் தருகிறார்கள். பழக்காத வகையைத் தந்தால் டியூட்டி போடுகிறவரிடம் நேரே சொல்லிவிடு. ஆள் இல்லை என்று அவர் கத்தினாலும் வண்டியில் ஏறாதே. றூட்டும் அப்படித்தான், தெரியாத பாதை என்றால் முதலில் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லிக் கேள்.

ஐந்தரை மணித்தியாலம் ஓடினால் அரை மணித்தியால ஓய்வு, நாளுக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் ஓடக்கூடாது என்பது அங்கத்தைய சட்டம். ஸ்பெயர்காரனுக்கு இன்றைக்கு விடியப்புறம், நாளைக்கு நடுச்சாமம் என்று டியூட்டி மாறிக்கொண்டே இருக்கும். நித்திரையை விட்டு ஓவர்ரைம் செய்யாதே. காசு அனுப்பப் பிந்தினாலும் பரவாயில்லை.

நிரந்தர றூட்டுக்கு வெற்றிடம் விழுந்தால் உடனே பெயரைக் கொடு. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா, போகிற ஆள் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். எந்தெந்த வகை பஸ்ஸுக்குப் பழக்கி முடிந்தது என்று அடுத்த முறை போன் எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா
பரந்தன்