யோசித்து வைக்கிறேன்

கியோட்டோ
ஜூன் 14

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் உன்னிடம் மறைத்து எழுத முடியாது என்பதால்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. நம்மூர் மாதிரி கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயவில்லை. இந்த மழைக்கு அவர்கள் எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் சேர்த்து 'பிளம் மழை' என்று பொருள். பிளம் காய் பழுக்கிற நேரத்தில் வருவதால் அந்தப் பெயராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் எழுதிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், என்2 என்ற நிலையில், நான் தேறவில்லை. ஜனவரிக் கடைசியிலேயே முடிவு வந்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். தோற்ற விதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மொத்தம் 180க்கு 90 எடுத்தால் போதும், நான் 94 எடுத்திருந்தேன். ஆனால் மூன்று பகுதிகளிலும் தனித்தனியாக 60க்கு 19 மதிப்பெண்ணாவது எடுத்தாக வேண்டும். கேட்டலில் 45, சொல்லும் இலக்கணமும் 32, வாசித்தலில் 17. அந்த இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. அடுத்த தேர்வு ஜூலை முதல் ஞாயிறு. மொழிப் பள்ளியில் அதிகபட்சம் 2 வருடம்தான் படிக்கலாம். நான் வந்தது போன ஏப்ரலில். கணக்கை நீயே போட்டுக்கொள்.

வாசிப்பில் ஏன் விழுந்தேன் என்று உனக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும், நீ சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறவள். இங்கே ஹிரகனா, கதகனா என்று இரண்டு எழுத்து வரிசைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 46 எழுத்து. அ, க, ச, த, ந என்று அவற்றின் வரிசை போவதைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். சமஸ்கிருத ஒலிகளைப் படித்த புத்த பிக்குகள் வழியாக வந்த வரிசை அது, அதனால் நமக்குப் பழகிய வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும். அவற்றை ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன். அப்புறம் கான்ஜி வருகிறது, சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். அன்றாடப் புழக்கத்துக்கு என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 எழுத்துகள். இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 80 கற்கிறது. ஆறாம் வகுப்பு முடிக்கும்போது 1026. ஆறு வருடம், நடுவில் வீடு, தெரு, விளையாட்டு எல்லாம் அந்த மொழியிலேயே. நான் அதை ஒன்றரை வருடத்தில் முடிக்கப் பார்க்கிறேன், பகலில் நான்கு மணி நேர வகுப்பும், சாயங்காலம் பென்டோ கடையில் சோற்றுப் பெட்டி அடுக்கும் வேலையுமாக. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது.

எண்ணிக்கையைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிப்பதுதான் வதைக்கிறது. உயிர், பிறப்பு, பச்சை என்றெல்லாம் பொருள் தரும் ஒரு எழுத்து இருக்கிறது. ஆசிரியர் என்கிற 'சென்செய்' என்ற சொல்லில் அது 'செய்'. பிறந்தநாளில் அது 'ஜோ'. வாழ்நாள் முழுக்க என்பதில் 'ஷோ'. சமைக்காத பச்சை மீன் என்றால் 'நம'. புல்வெளியில் வந்தால் 'ஃபு'. க என்று எழுதினால் 'கல்'லில் வருவது போலவோ 'தங்க'த்தில் வருவது போலவோ வாசித்துப் பழகிய நமக்கு, ஒரே எழுத்து இத்தனை உருவம் எடுப்பது பொறுக்கவில்லை. சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒலி தெரியாவிட்டாலும் பொருளை ஊகித்துக் கடகடவென்று பத்தியைத் தாண்டிவிடுகிறார்கள். நானும் நேபாளப் பையன்கள் இருவரும் முதல் வரியிலேயே நிற்கிறோம். எழுத்துத் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இருபத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் வாய்ப்பேச்சில் கதை வேறு. இலக்கணம் எனக்குச் சீர்வரிசையாக வந்ததோ என்று தோன்றுகிறது. வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'என்று நினைக்கிறேன்' என்பதை நம்மைப் போலவே, சொன்னதை முதலில் வைத்து 'என்று' சேர்த்துச் சொல்வார்கள். 'சாப்பிட்டுப் பார்' என்பதற்கு 'தபெத்தெ மிரு', சாப்பிட்டு, பார், அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண், சாப்பிடுவதற்கும் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் விளக்க ஒன்றுமே இல்லை. குறில் நெடிலும் அப்படியே. அத்தையை 'ஒபசான்' என்றும் பாட்டியை 'ஒபாசான்' என்றும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தடுமாறுவார்கள், நமக்குப் பிரச்சினையே இல்லை. ஓனோ சுசுமு என்ற அறிஞர் (1919–2008) தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழியின் வேர் வந்தது என்று பல வருடம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போவதில் எனக்குக் கிடைத்த லாபம் உண்மையானது.

அந்த லாபமே ஒரு நாள் என்னைக் கவிழ்த்தது. நான் தங்கியிருக்கும் தெருமுனையில் வயதான கணவனும் மனைவியும் நடத்தும் சின்னக் காப்பிக்கடை இருக்கிறது. பென்டோ கடையில் நாள் முழுக்கப் பேச்சே இல்லை, கைதான் வேலை செய்யும். பேசக் கிடைக்கிற இடத்தில் வேலை பார்த்தால் மொழி வருமே என்று, அந்தம்மாவிடம் போய், சனி ஞாயிறு மட்டும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எத்தனை மரியாதையாகக் கேட்க வேண்டுமோ அத்தனை மரியாதையாக, முந்தின இரவு மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு 'கங்காஎதெ ஒகிமஸ்' என்றார். கங்காஎதெ என்றால் யோசித்து. ஒகு என்றால் வை. 'யோசித்து வைக்கிறேன்.' தமிழிலேயே கேட்ட மாதிரி இருந்தது. துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நாள் காத்திருந்தேன். பதினோராம் நாள் போய், யோசித்தாகிவிட்டதா என்று கேட்டேன். அந்தம்மாவின் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பினார். வகுப்பு ஆசிரியைதான் அப்புறம் சொன்னார், இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு 'முடியாது' என்று பொருள்.

அன்று ராத்திரி அழுதேன். வேலை கிடைக்காததற்கு இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும், சொன்னதற்கு நேர்மாறாகக் கேட்டிருக்கிறேன் என்பதற்கு. சொல் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டலாம். இதற்கு எங்கே போவது?

இரண்டு நாள் கழித்து அக்காவின் ஞாபகம் வந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது, 'வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்' என்பார்கள். நாம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, எப்போது சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்போம். அம்மா மட்டும் வாசல் தாண்டும் முன்பே பஜ்ஜித் தட்டை எடுத்து உள்ளே வைக்கப் போய்விடுவாள். அவளுக்குத் தெரியும். நம்மூர் 'பார்க்கலாம்' எத்தனை தடவை 'இல்லை'யாக இருந்திருக்கிறது! நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம், இருபது வருடம் ஆனது. இங்கே அந்த அடி இப்போதுதான் விழத் தொடங்கியிருக்கிறது என்று நினைத்த பிறகு அந்தக் கடைக்குப் போகும் கூச்சம் போய்விட்டது. இப்போது வாரம் ஒரு நாள் அங்கே காப்பி குடிக்கிறேன். அந்தம்மா என்னிடம் மெதுவாகப் பேசுகிறார், ஆனால் புத்தகத்து மொழியில் இல்லை. வகுப்பில் 'கூடாது' என்பதற்கு 'தமெ', இவர் வாயில் 'அகன்'. வகுப்பில் 'வகரனாய்', இவருக்கு 'வகரஹென்', தெரியாது என்று அர்த்தம். வருகிறார்கள் என்று படித்துவிட்டுத் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று 'வர்றாங்க' கேட்டால் எப்படியோ அப்படி.

ஒரு நல்ல சேதியும் உண்டு. மார்ச்சில் கடைவாய்ப் பல் வலி. மருத்துவச் செலவில் 30 சதவீதம் நாம் கட்டினால் போதும், மீதியைத் தேசியக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது, மாணவர்களும் அதில் சேர்ந்துதான் ஆக வேண்டும். போய் உட்கார்ந்தேன். பல் மருத்துவர், 'சுகிசுகியா, சிகுசிகுவா?' என்றார். அகராதி இல்லாமலே புரிந்தது அம்மிணி! விண்விண் என்று தெறிக்கிறதா, சுருக்சுருக் என்று குத்துகிறதா என்றுதானே நம்மூர் மருத்துவரும் கேட்பார்! 'சுகிசுகி' என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். இந்த மொழி முழுக்க இரட்டைக்கிளவி நிறைந்து கிடக்கிறது. மின்னுவதற்குக் 'கிராகிரா', பளபளவென்று துடைத்து வைத்ததற்குப் 'பிகாபிகா'. இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்று பதினொன்றாம் வகுப்பில் ஒப்பித்தோமே, அந்தச் சூத்திரம் இங்கேயும் பொருந்துகிறது. அன்று வலியோடு வீட்டுக்கு நடந்தாலும், இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு ஆளிடம் முழுதாகப் பேசிய நிறைவு இருந்தது.

அப்பாவிடம் இதைச் சொல்லிவிடு, நான் சொன்னால் நம்ப மாட்டார்: இங்கே எல்லோரும் என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, இங்கே குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பதுதான் வழக்கம். முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். இப்போது அவர் பெயர் காதில் விழுந்தால் கை தானாகத் தூக்குகிறது.

உன் கடிதத்தில் அந்த ஒடிசாப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். பனியன் கம்பெனியில் அப்பாவும் அம்மாவும் வேலை, பையன் உன் மூன்றாம் வகுப்பில். கடையில் மிட்டாய் வாங்கும்போது தமிழ் பேசுகிறான், வகுப்பில் வாயே திறப்பதில்லை, உன் கூட வேலை பார்ப்பவர் அவனை 'மக்கு' என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கடிதத்தை மடிக்காமல் வைத்திருந்தேன். அந்தப் பையன் நான்தான். போன வாரம் வகுப்பில், வயதானவர்கள் தனியாக வாழ்வதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என் பாட்டியைப் பற்றி, தோட்டத்து வீட்டைவிட்டு வர மறுத்ததைப் பற்றி எனக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது! வாயிலிருந்து வந்தது, 'கஷ்டம் என்று நினைக்கிறேன்.' அவ்வளவுதான். ஆசிரியை அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, இருபது பேர் வகுப்பு. ஆனால் இன்னும் ஐந்து நொடி நின்றிருந்தால் இரண்டாவது வாக்கியம் வந்திருக்கும்.

அவனுக்குக் கடைத்தமிழ் தெரிகிறது என்றால் காது திறந்துவிட்டது என்று பொருள். நீ பாடம் நடத்தும்போது 'செல்கிறான்' என்று வாசிக்கிறாய், அவன் கேட்டது 'போறான்'. இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா? முதலில் வாயால் 'போறான்' என்று சொல்லவிட்டு, பிறகு புத்தகத்தில் இருப்பதைக் காட்டிப் பார். அவன் மொழியில் ஆட்டுக்கு என்ன பெயர், மழைக்கு என்ன பெயர் என்று வகுப்புக்கு முன்னால் கேள். எங்கள் ஆசிரியை ஒரு நாள், தமிழில் மழையை எத்தனை விதமாகச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டார். தூறல், சாரல், அடைமழை என்று பலகையில் எழுதினேன். அன்றைக்கு மட்டும் நான் வகுப்பில் பெரிய மனுஷியாக இருந்தேன். அதற்கு மறுநாளிலிருந்துதான் கேள்வி கேட்கவே எனக்குத் துணிச்சல் வந்தது. கேள்வி கேட்டபின் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, கரும்பலகையில் ஏதாவது அழித்துக்கொண்டு காத்திரு. பார்த்தால் சொல் உள்ளேயே நின்றுவிடும், எனக்கு அப்படித்தான் ஆகிறது.

வேலைக்குக் கிளம்ப வேண்டும். கீழே வீட்டுக்காரப் பாட்டி இருப்பார். 'இத்தெ கிமஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். 'போய் வருகிறேன்' என்பதன் அச்சு அசல், போய் என்று ஒரு சொல், வருகிறேன் என்று ஒரு சொல். அவர் 'இத்தெ ரஷ்ஷாய்', போய் வா, என்பார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மனசுக்குள் எதையும் மாற்றாமல் சொல்கிறேன்.

ஜூலைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். முடிவு வந்ததும் முதலில் உனக்கு எழுதுகிறேன். அந்தப் பையன் ஆட்டுக்கு என்ன பெயர் சொன்னான் என்று நீ எழுது.

உன் பழைய பெஞ்சுத் தோழி