ஒரு வாரப் பயிலரங்கில் கண் பழகாது

இந்திய அணுசக்தித் துறைக்கும், உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும், பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும்,

வணக்கம்.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது தெரியாமல் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், மேலும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கல்பாக்கத்தில் வேலை செய்பவருடைய சட்டையில் டோஸ், அதாவது உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவு, காட்டும் பேட்ஜ் இருக்கும். இரும்புக் கடைத் தொழிலாளியிடம் என்ன இருக்கும்? அவர்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அவருடைய ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் விதம் பற்றித்தான் எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். ரத்தத்திலுள்ள லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களை 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்த்து, செல் பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் டைசென்ட்ரிக் தேட வேண்டும். அதாவது, உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டதால் ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு போன்ற ஒடுங்கிய இடம்) இரண்டு கொண்ட குரோமோசோம். கதிர்வீச்சு படாத ஒருவரிடம் ஆயிரம் செல்லுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் தென்படும். ஆகவே ஒன்றிரண்டைத் தப்பாக எண்ணினாலே சிறிய டோஸ் கணக்கு புரண்டுவிடும்.

என்னிடம் வந்த ஒரு மாணவி முதல் மாதம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்த குரோமோசோம்களையெல்லாம் டைசென்ட்ரிக் என்று குறித்து வைத்தாள். நான்காவது மாதம் அவளே கூப்பிட்டாள்: “மேடம், இதுல உடைஞ்ச துண்டு காணோம். சும்மா மேல விழுந்திருக்கு.” டைசென்ட்ரிக் உண்டானால் சென்ட்ரோமியர் இல்லாத ஒரு துண்டும் அதே செல்லில் கிடக்க வேண்டும், மொத்தம் எண்ணினால் 46 வர வேண்டும். இது பாடப் புத்தகத்தில் ஒரு வரி. கண்ணுக்கு வர நான்கு மாதம் ஆனது. ஐந்து நாள் பயிலரங்கு நடத்தி, கடைசி நாள் சான்றிதழும் குரூப் போட்டோவும் கொடுத்து அனுப்பினால் இது எப்படி வரும்?

அந்த மாணவிக்கு உதவித்தொகை ஒன்பது மாதம் வரவில்லை. வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை, கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவ்வளவு பழகிய கண் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்புறம், டோஸ். உயிரியல் மாணவர்கள் பலர் புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் சிகிச்சை முடியும்வரை காத்திருந்து, இரவில் ரத்த மாதிரிக் குப்பிகளோடு போய், அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்து வாங்கி வருகிறார்கள். “2 கிரே கொடுத்தேன்” என்பார்கள்; கிரே என்பது டோஸின் அலகு. எந்தத் தூரத்தில், நிமிடத்துக்கு எவ்வளவு, அளந்தது யார் என்று கேட்டால் பதில் வராது. தெரிந்த டோஸ் கொடுத்த ரத்தத்தில் எத்தனை டைசென்ட்ரிக் வருகிறது என்று எண்ணி, ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கென ஒரு டோஸ் வரைகோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதன் அடியிலேயே பிழை இருந்தால் பிறகு வரும் கணக்கெல்லாம் பிழைதான். மருத்துவ இயற்பியலாளரும் உயிரியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கற்க வேண்டும். இன்று அவர்கள் ஒருவர் பாடத்தை ஒருவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

குறைந்த அளவுக் கதிர்வீச்சைப் படிக்க நம்மிடம் கடற்கரையே இருக்கிறது. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் மோனசைட் என்ற கனிம மணலில் இயல்பாகவே கதிர்வீச்சு தரும் தோரியம் உண்டு. கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்த முடிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஓர் இளம் விஞ்ஞானி அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கூடங்குளத்து மீனவப் பெண் “எம் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?” என்று கேட்டால், பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் அவள் பேச்சிலேயே பதில் சொல்ல ஆள் வேண்டும்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. முனைவர் பட்டம் முடித்த கையோடு இரண்டு ஆண்டுப் பயிற்சி: ஆறு மாதம் ஸ்லைடு, ஆறு மாதம் டோஸ் அளவீடு, மீதி வேறொரு ஆய்வகத்தில். ஒரே ஸ்லைடுகளை எல்லா ஆய்வகங்களுக்கும் டோஸ் சொல்லாமல் அனுப்பி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை எங்கே மாறுகிறது என்று பிள்ளைகள் கூடிப் பேசட்டும். உதவித்தொகை மாதா மாதம் வரட்டும். பயிற்சி முடிந்தவருக்கு நிரந்தர வேலை ஒன்றாவது காத்திருக்கட்டும்.

என்னிடம் நான்கு அலமாரி நிறைய பழைய ஸ்லைடுகள் இருக்கின்றன. பயிற்சி எங்கே தொடங்கினாலும் கொண்டுவந்து தருகிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்ணவும் தயார்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு உயிரியல் ஆசிரியை ஒருவர்