தமிழ்க் கோப்புகளின் பைட்டுகளைத் தமிழாகவே காட்டும் கருவி வேண்டும்: நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பினருக்கும், தமிழ்க் கணிமைக்காக உழைக்கும் நிரலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். கட்டளை வரியில் ஓடும் ஹெக்ஸ் டம்ப் கருவி ஒன்று தமிழுக்கு வேண்டும். கோப்பில் எண்களாகச் சேமித்திருக்கும் பைட்டுகளை இடப்பக்கம் பதினறும எண்களாகவும், அவை குறிக்கும் எழுத்துகளை வலப்பக்கம் தமிழாகவும் காட்ட வேண்டும். ஜப்பானிய மொழிக்கு இப்படிப்பட்ட கருவிகள் நெடுநாளாக இருக்கின்றன. நமக்கும் ஒன்று கிடைத்தால், எங்கள் ஊரில் படிக்க ஆளில்லாமல் கிடக்கும் பல கோப்புகள் பிழைத்துக்கொள்ளும்.

என்ன கோப்புகள் என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன, சில தாமான்களாகி, அதாவது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத் துண்டாடலால் நம் சனங்கள் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்றுதான் எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுச் சிதறியவர்கள் ஏராளம். அவர்களை இன்றும் ஒன்று கூட்டுவது மாரியம்மன் திருவிழாவும், அதையொட்டி அச்சிட்ட விழா மலர்ப் புத்தகங்களும்தான்.

1990களில் அந்த மலர்களைக் கணினியில்தான் தட்டச்சு செய்தார்கள். எங்கள் தோட்டத்து மலரில் தீமிதி உபயக்காரர் பட்டியல் இருந்தது, பழைய தண்டல்கள் (மேற்பார்வையாளர்கள்), கிராணிகள் (எழுத்தர்கள்) பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர்கள் இருந்தன. 1942லும் 43லும் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்காக எங்கள் தோட்டங்களிலிருந்து ஆண்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். யார் யார் போனார்கள் என்று வாயால் சொல்லி எழுதவைத்த பெரியவர்கள் இன்று உயிரோடு இல்லை. அச்சான மலர்களைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியவை ஃப்ளாப்பியிலிருந்து எடுத்த சில கோப்புகள்தாம். அவற்றைத் திறந்தால், தலைமேல் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. 1985இல் முத்து நெடுமாறன் இதே மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கினார். அதன்பின் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) என்று ஆனது. மடலாடற்குழுவில் பேசிப் பேசித் திஸ்கி என்ற பொதுக் குறியாக்கம் பிறந்தது. 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்ற தரங்கள் வந்தன. கடைசியில் எல்லாரும் உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். வழியில் விட்டுவந்த கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்று எழுதி வைத்தவர் இல்லை. அன்றைய எழுத்துருவும் கைவசம் இல்லை.

ஜப்பானியக் கருவிகளை நான் பழகியது வேலையிடத்தில்தான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்குள்ள ஜப்பானிய இயந்திரங்களின் பதிவுக் கோப்புகள் ஷிஃப்ட் ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கத்தில் இருக்கும். விம் என்ற உரைத் தொகுப்பியோடு வரும் ‘எக்ஸ்எக்ஸ்டி’ போன்ற சாதாரண டம்ப் கருவிகள் ஆங்கிலம் தவிர்த்த எதையும் வலப்பக்கத்தில் வெறும் புள்ளியாகத்தான் காட்டும். சில நேரம் அதைவிடக் குழப்பம். கத்தக்கானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் ‘அ, இ, உ’ என்ற மூன்று எழுத்துகள் ஷிஃப்ட் ஜிஸ்ஸில் 83 41, 83 43, 83 45. இதில் 41, 43, 45 மூன்றும் ஆங்கில ஏ, சி, ஈ எழுத்துகளின் எண்களும்கூட. ஆகவே சாதாரண டம்பில் புள்ளி, ஏ, புள்ளி, சி, புள்ளி, ஈ என்று தெரியும். ஜப்பானிய மொழி அறிந்த கருவி 83ஐப் பார்த்ததுமே அடுத்த பைட்டையும் சேர்த்து ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. குறியாக்கத்தை நாம் சொல்லிக் கொடுக்கலாம்: ஷிஃப்ட் ஜிஸ், ஈயூசி என்ற இன்னொரு குறியாக்கம், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப் 8 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், எதில் சொல் உருப்படியாக வருகிறதோ அதுதான் கோப்பின் குறியாக்கம்.

இன்னொரு வசதியும் அவர்களுக்கு அமைந்திருக்கிறது. ஷிஃப்ட் ஜிஸ்ஸில் ஒரு கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) இரண்டு பைட். முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் திரையில், அது பிடிக்கும் இடமும் இரண்டு கட்டம். எண்ணும் எழுத்தும் தாமாகவே நேருக்கு நேர் நின்றுவிடும். வரிக்குப் பதினாறு பைட் என்று வெட்டும்போது ஒரு எழுத்து இரண்டாகப் பிளந்தால், தொடங்கிய வரியிலேயே அதை முழுதாகக் காட்டி, அடுத்த வரியின் முதல் கட்டத்தை வெறுமையாக விடுகிறது நான் பயன்படுத்தும் கருவி.

தமிழில் இவ்வளவு எளிதாக முடியாது. யூடிஎஃப் 8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஈ0 (E0). ‘தமிழ்’ என்ற சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. கணினி எண்ணுவது ஐந்து குறி, பதினைந்து பைட். புள்ளியும் இகரக் குறியும் முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் குறிகள். முனையத்துக்கு முனையம் அவற்றின் அகலம் மாறுகிறது. வலப்பக்கக் கட்டத்தில் தமிழை அடைக்கப் போராட வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு எண் வரிக்கும் கீழே ஒரு தமிழ் வரி போடுங்கள். பதினாறு பைட்டில் வெட்டாமல் எழுத்து முடியும் இடத்தில் வரியை முடிக்கும் விருப்பத் தேர்வும் இருக்கட்டும்.

திஸ்கியில் வேறு சிக்கல். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் பைட்டுகள் இருக்கும்: ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் ககரம் அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்தால் கருவி இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இதே வரிசைதான் குறியாக்கத்தை ஊகிக்கவும் கைகொடுக்கும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி எதுவானாலும் அடுத்து ஒரு மெய்யெழுத்தின் வடிவம் வந்தே தீரும். கோப்பைத் திஸ்கி என்று வைத்துப் பாருங்கள், டாப் என்று வைத்துப் பாருங்கள். எதில் இந்த விதி மிகக் குறைவாக உடைகிறதோ அதுவே விடை. ஜப்பானியக் கோப்புகளுக்கு என்கேஎஃப் என்ற நிரல் குறியாக்கத்தை ஊகித்துச் சொல்கிறது. அதன் தொடக்கம் 1987. நமக்கும் அது எட்டாத வேலையில்லை.

லினக்ஸில் உள்ள ‘ஐகான்வ்’ திஸ்கியை யூனிகோடாக மாற்றுமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கோப்பு திஸ்கி என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பூசணம் பிடித்த ஃப்ளாப்பியிலிருந்து வந்த கோப்பில் நடுவே நாலு பைட் கெட்டிருந்தால் அது அங்கேயே நின்றுவிடக்கூடும். கெட்ட இடம் எது, அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பெயர் என்று கண்ணால் பார்க்க எங்களுக்கு டம்ப்தான் வேண்டும். பாதிப் பெயர் கிடைத்தாலும் போதும். மீதியைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் யாராவது இருப்பார்கள்.

யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் இந்தக் கருவிக்கு வேலை உண்டு. ‘கோ’ என்பதைக் ககரம், ஓகாரக் குறி என்று ஆறு பைட்டிலும் எழுதலாம். ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று ஒன்பது பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கோவிந்தன் என்று தேடினால் ஒன்று அகப்படும், மற்றது ஒளிந்துகொள்ளும். தாத்தா பெயரைத் தேடி வருகிற பேரப்பிள்ளையிடம் பட்டியலில் இல்லை என்று கணினி சொல்லிவிடக் கூடாது.

பெரிய திட்டம் எதையும் கேட்கவில்லை. சாளரம், பொத்தான் எதுவும் வேண்டாம். பழைய மடிக்கணினியிலும் ஓட வேண்டும், மூலநிரல் திறந்திருக்க வேண்டும், குறியாக்க அட்டவணைகள் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். நாளைக்கு வேறொரு தோட்டத்தில் யாரும் கேள்விப்படாத எழுத்துரு கிடைத்தால், அதன் அட்டவணையை நாங்களே எழுதிச் சேர்த்துக்கொள்வோம்.

எங்கள் கோவில் நிர்வாகம் மலர்க் கோப்புகளைச் சோதனைக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. குடும்பங்களின் முகவரிப் பக்கங்களை மட்டும் நீக்கிவிட்டுத் தருவோம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிப்பையும் இங்கே ஓட்டிப் பார்த்து வழுக்களை எழுதி அனுப்புகிறேன். கருவிக்கான பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையை என்னிடம் விடுங்கள். உங்களில் ஒருவர் முன்வந்தாலும் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவன்,
சுங்கை சிப்புட், பேராக்