குஞ்சோடு நிற்கும் விரால்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். சித்திரையில் நீ எழுதியதற்கு கார்த்திகையில் பதில் போடுகிறேன். கோபம் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது நேரிலேயே திட்டிக்கொள், கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதி. குளத்தில் தண்ணீர் நிற்கிறது. 2024 ஆகஸ்ட் 17-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் தொடங்கி வைத்த அன்று, "1,045 குளம் குட்டையில் நம்முளுது இருக்குதாடா?" என்று போனில் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிஞ்சிப் போகிற தண்ணீரை மேடேற்றிக் குழாயில் கொண்டுவருகிறார்கள். நாம் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிய இடத்தில் இப்போது ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். நீ சேத்துப்பட்டு ஏரியில் காசு கட்டித் தூண்டில் போட்டுக்கொண்டிரு!

நம்ம தூண்டில் சங்கமும் நடக்கிறது. இப்போது 19 பேர். கணக்கு வாத்தியார்தான் நோட்டு எழுதுகிறார், கையெழுத்து அதே கோழிக்கிறுக்கல். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூடுகிறோம். கிளம்பும்போது கரையில் கிடக்கிற அறுந்த நரம்பையெல்லாம் பொறுக்குகிறோம். போன வருஷம் ஒரு நீர்க்காகம் நைலான் நரம்பில் சிக்கி இறக்கையை விரிக்க முடியாமல் கிடந்தது. அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக மனசே சரியில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. மதகுக்கு வடக்கே, ஆகாயத்தாமரை ஓரமாகத் தண்ணீர் மேல் செம்மண் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரு வட்டம். முறம் அளவு இருக்கும். திடீரென்று வட்டம் முழுவதும் மழைத்துளி விழுந்தது போலப் பொரிந்து அடங்கியது. விரால் குஞ்சுகள், மூச்சுக்கு மேலே வந்து போகின்றன. அடியில் தாய் தகப்பன் நிற்கும், கிட்டே எது வந்தாலும் பாயும். எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் முள் வைத்த ரப்பர் தவளையை அந்த வட்டத்தைத் தாண்டி எறிந்து மேலே இழுத்தேன். இரண்டாவது வீச்சிலேயே அடித்தது. ஒன்றரைக் கிலோ. பசிக்கு அடித்த அடி இல்லை மாப்ளே, தன் குஞ்சை எதுவோ தின்ன வருகிறது என்று நினைத்து அடித்த அடி.

வீட்டில் ஒறம்பரை வந்திருந்தார்கள். குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். இடத்தையும் சங்கத்துப் பையன்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். மறுநாளே ஒருவன் போய்க் காவலுக்கு மிச்சம் இருந்த இன்னொரு விராலையும் பிடித்துவிட்டான்.

அதற்கு அடுத்த நாள் நான் போனேன். செவப்பு வட்டம் அதே இடத்தில் நின்றது, ஆனால் பாதிதான். ஜிலேபி மீன் நாலு திசையிலிருந்தும் உள்ளே புகுந்து புகுந்து வந்தது. ஒவ்வொரு தடவை பொரியும்போதும் வட்டம் சுருங்கியது. தடுக்க அடியில் யாரும் இல்லை. நான் கரையில் ராடை வைத்துவிட்டு, பொழுது உச்சிக்கு வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் தண்ணீர் வெறுமனே கிடந்தது.

ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். அது முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றிப் பெருகிவிடுகிறது. விராலுக்கு அந்த வசதி இல்லை, சில வாரம் கூடவே நின்று காவல் காக்கத்தான் தெரியும். குளம் காய்ந்த வருஷங்களில் சேற்றின் ஈரத்துக்குள் கிடந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த சாதி அது. தண்ணீர் வந்த பிறகு நாம் கொல்கிறோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எழுந்து, நடந்ததை அப்படியே சொன்னேன். குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் யாரும் தூண்டில் போடக்கூடாது, தெரியாமல் மாட்டினாலும் முள்ளைக் கழற்றி அங்கேயே விட வேண்டும் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். சின்னப் பையன்களுக்குக் கோபம். "விரால் லேசா மாட்டறதே அப்பத்தானுங்கண்ணா" என்கிறார்கள். லேசாக மாட்டுவதால்தான் விடச் சொல்கிறேன் என்றேன். குட்டையன் வழக்கம் போல இரண்டு பக்கமும் தலையாட்டினான். கடைசியில் 11 பேர் சரி என்றார்கள், 8 பேர் ஆகாது என்றார்கள். வாத்தியார் எழுதிவிட்டார்.

இப்போது பெரிய கவலை, மீன்பாசி ஏலம், அதாவது குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமையை ஏலம் எடுத்தவர். கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுகிறவர் அவர். "விரால் என் குஞ்சைத் தின்னுது, நீங்க அதைக் காப்பாத்தறீங்களா?" என்கிறார். அவர் போட்ட முதல் அவருக்கு. தப்புச் சொல்ல மாட்டேன். விரல் நீளக் குஞ்சாக விடாமல் கொஞ்சம் வளர்த்துப் பெரிதாக்கி விட்டால் அவ்வளவு நட்டம் ஆகாது என்று சொல்லிப் பார்க்கிறேன். குஞ்சு நிற்கிற ஓரத்தை மட்டும் சில வாரம் வலை வீசாமல் விட்டால் போதும் எனக்கு. மனசு வைப்பார் என்று தோன்றுகிறது, ஆனால் நான் ஒருவனே பேசினால் எடுபடாது. நீ வந்து உட்கார்ந்தால் கேட்பார்.

அப்புறம் ஒன்று. நாம் ஆறாவது படிக்கும்போது உங்க ஐயன் மதகு மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்கடா, அந்தக் கரைக்குப் போலாம்" என்று கிளம்பினாரே. பாம்பைப் பார்த்துவிட்டார் என்று நாம் ஓட்டம் பிடித்தோம். அவர் எதைப் பார்த்தார் என்று இப்போது எனக்கு ஒரு யோசனை வருகிறது. அம்மாவிடம் கேள். இந்த விஷயமாக அவர் வீட்டில் ஏதாவது பேசியிருந்தால், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்பு. சங்கத்தில் படித்துக் காட்ட வேண்டும். அந்த எட்டுப் பேரில் நாலு பேருடைய அப்பன்மார் அவரிடம் தூண்டில் கட்டக் கற்றுக்கொண்டவர்கள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறே வந்துவிடு. ரப்பர் தவளையெல்லாம் வேண்டாம். சோளத்தட்டுத் தக்கையும் கோதுமை மாவும் நான் எடுத்து வைக்கிறேன். ஆறு மணிக்கு மதகில் இரு.

உன்
மச்சான்